ஐந்தரையிலிருந்து இரண்டுக்கு

மார்கழி. சனிக்கிழமை மாலை. நங்கநல்லூர்.

கல்யாண மண்டபம். இந்த மாதம் முகூர்த்தம் கிடையாது. மண்டபம் பாட்டுக்குக் கிடைக்கிறது.

மேடையில் ஜமக்காளம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு நாற்காலிகள் ஓரமாக, துணி போர்த்தி. பின்சுவரில் தெர்மாகோல் எழுத்துகள் ஒட்டியிருந்த தடம். இரண்டு பெயர்கள் இருந்திருக்க வேண்டும். படிக்க வரவில்லை.

*

பாட்டுக்கு முன் சுருதி.

மேடையில் தம்புரா இல்லை. பாடகியின் முழங்காலருகே ஒரு கைபேசி. அதற்குள் நான்கு தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்கின்றன. மீட்டும் விரல் எங்கும் இல்லை.

ஐந்தரைக் கட்டை.

வயலின்காரர் பிரடையை முறுக்குகிறார். மிருதங்கக்காரர் கல்லால் ஓரத்தைத் தட்டுகிறார். காதை அருகே கொண்டுபோகிறார். மறுபடி தட்டுகிறார்.

சேரும் நொடி தெரிவதில்லை. உறுத்திக்கொண்டிருந்த ஒன்று இல்லாமல் போவது மட்டும் தெரிகிறது.

*

வர்ணம் போகிறது. சின்னக் கிருதி ஒன்று போகிறது.

முன்வரிசையில் ஒரு மாமி மடியில் தாளம் போடுகிறார். விரல்கள் தாமாக எண்ணுகின்றன. கண் வேறெங்கோ.

பிறகு தோடி.

ராகத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை. முதல் அசைவிலேயே கூடம் அறிந்துகொள்கிறது. பின்னால் யாரோ நாற்காலியை இழுப்பதை நிறுத்துகிறார்.

தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைவதுதான் அதன் இடம்.

பாடகி மூச்சு வாங்குகிறார். கேட்பவர்களும் அங்கேயே வாங்குகிறார்கள். பேசி வைத்துக்கொள்ளாமல்.

*

விமானம்.

மீனம்பாக்கத்தில் இறங்குவது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. பாடகி மேல் சட்ஜமத்தில் நிற்கிறார். சலிப்பு இல்லை, சிரிப்பும் இல்லை. சத்தம் கடக்கும்வரை அந்த ஒரு ஸ்வரம். சில நொடிகள் அது கேட்கவே இல்லை. வாய் மட்டும் திறந்திருக்கிறது.

இரைச்சல் வடிகிறது.

ஸ்வரம் விட்ட இடத்தில் இருக்கிறது.

*

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் குரல் தானே கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும். நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா மிக உயர்ந்த கட்டையில் பாடினார். கே. பி. சுந்தராம்பாளும் அப்படியே. 1933இல் கிட்டப்பா போய்விட்டார். வயது 27.

பிறகு மைக். ஆண்களின் குரல் மெல்ல இறங்குகிறது. நாலு கட்டை, மூன்று, இரண்டு, ஒன்று.

எம். டி. ராமநாதன் அதற்கும் கீழே. இங்கிருந்து கிழக்கே, திருவான்மியூர் கலாக்ஷேத்திரத்தில் பாடம் சொன்னவர். பதிவுகளில் அவர் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே விடும் இடம் பெரியது. அந்த இடத்தில் தம்புரா மட்டும் இருக்கிறது. சில இரவுகளில் அந்த இடங்களுக்காகவே அந்தப் பதிவைப் போடத் தோன்றுகிறது.

*

இந்த வரிசைகளில் வயதானவர்கள் அதிகம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் கச்சேரி கேட்டு, கடைசி வண்டியைப் பிடிக்க மங்களத்துக்கு முன்னால் எழுந்து ஓடியவர்கள். புறநகரில் வீடு கட்டியவர்களின் பழக்கம் அது. முழுக் கச்சேரிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ரயில்.

இப்போது பாட்டு அவர்கள் தெருவுக்கே வந்திருக்கிறது. ஆனாலும் எட்டு மணி ஆனதும் சில கைகள் கைக்கடிகாரத்தைத் திருப்புகின்றன.

*

எழுகிறேன்.

கிருதி இன்னும் நடக்கிறது. நிரவல் தொடங்கப் போகிறது. எழுவதற்கு நல்ல இடம் என்று எதுவும் இல்லை.

வாசலில் செருப்பு. பாட்டு கதவு வழியாக வருகிறது. தெரு முனையில் சொற்கள் முதலில் போகின்றன. பிறகு வயலின். பிறகு மிருதங்கத்தின் வலது கை. குரல் இன்னும் இருக்கிறது, எந்த ராகம் என்று சொல்ல முடியாமல். கடைசியில் தொப்பியின் கும்கி மட்டும். பிறகு அதுவும் ஒரு ஸ்கூட்டரின் சத்தத்துக்குள்.

அங்கே அது நடந்துகொண்டிருக்கிறது.

*

ஆஞ்சநேயர் கோயில் வாசல். உள்ளே 32 அடி உயர ஒற்றைக் கல். துளசி மணம், வெண்ணெய் மணம். வரிசை நீளம். கடந்து போகிறேன்.

உதடு மூடியிருக்கிறது. ஐந்தரைக் கட்டை சட்ஜமம் மண்டைக்குள் ஒலிக்கிறது. இழுத்துப் பிடிக்கவில்லை. அதுவாக இருக்கிறது.

*

பழவந்தாங்கல் நிலையம். தாம்பரம் வண்டி.

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. அப்போது மீட்டர் பாதை. இந்த ஊர்கள் பெரும்பாலும் வயலும் ஏரியும் குன்றும். வண்டி முதலில் வந்தது. வீடுகள் பிறகு.

புறப்படும்போது மோட்டாரின் ஒலி ஏறுகிறது. எந்த ஸ்வரத்திலும் தங்காமல் ஏறுகிறது. வேகம் பிடித்ததும் ஓரிடத்தில் நிற்கிறது.

உள்ளே ஒலிக்கும் சட்ஜமத்துக்கு அது ஏதோ ஓர் அந்நிய ஸ்வரம். இரண்டும் சேர்ந்தே போகின்றன.

*

மீனம்பாக்கம். திரிசூலம். விமான நிலைய விளக்குகள், நீலம்.

பல்லாவரத்தில் இருவர் ஏறுகிறார்கள். பார்வையில்லாத கணவனும் மனைவியும். அவர் தோளில் ஒலிபெருக்கிப் பெட்டி. அவள் கை அவர் முதுகில். பழைய படப் பாட்டு ஒன்று. இசை பெட்டியிலிருந்து வருகிறது. பாட்டு அவர்களிடமிருந்து.

பல்லவி. வண்டி வளைவில் சாய்கிறது. அவள் குரல் சாயவில்லை.

சரணத்தின் பாதியில் சில்லறை விழும் ஓசை. "அண்ணா, இந்தாங்க" என்று ஒரு பள்ளிச் சிறுமி. அவர் பாடிக்கொண்டே தலையசைக்கிறார்.

குரோம்பேட்டை. அவர்கள் அடுத்த பெட்டிக்கு. இரண்டாம் சரணம் அங்கே.

*

குரோம்பேட்டை என்ற பெயர் தோலிலிருந்து வந்தது. குரோம் லெதர் ஆலை இருந்த இடம். பல்லாவரத்துத் தோல் தொழிற்கூடங்களின் வாடை இன்னும் சில காற்றில் இருக்கிறது.

மிருதங்கத்துக்கு மூன்று தோல். பசு, எருமை, ஆடு. வலந்தலையின் நடுவில் கல்பொடியும் சோறும் சேர்த்துத் தேய்த்த கறுப்பு வட்டம். அதைத் தேய்க்கும் கைகள் மேடைக்கு வருவதில்லை. அந்தக் கைகளைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகம் எழுதினார். ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’. அதில் பெயர்கள் இருக்கின்றன. பல தலைமுறைப் பெயர்கள்.

சற்று முன் மண்டபத்தில் கல் தட்டும் ஒலி கேட்டபோது அந்தப் பெயர்கள் நினைவில் இல்லை. இப்போது இருக்கின்றன.

*

குரோம்பேட்டையில் இறங்குகிறேன். நாகசுரம் தெருவுக்கே கேட்கிறது.

சின்னக் கோயில். மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர். ஒரு குழந்தை தூணைக் கட்டிக்கொண்டு சுற்றுகிறது. மைக் வைத்திருக்கிறார்கள். தேவையில்லை.

வாசலில் கால் வைக்கிறேன். என்ன ராகம் என்று தெரியவில்லை.

தெரிந்த ஏதோ ஒன்று. ஆனால் எல்லா ஸ்வரமும் இடம் மாறி விழுகின்றன. காதில் கோணலாக ஒரு பாட்டு.

நிற்கிறேன்.

*

இந்த நாயனம் இரண்டு கட்டை. காது இன்னும் ஐந்தரையில் இருக்கிறது.

ஐந்தரையில் சட்ஜமமாக இருந்த இடம் இரண்டு கட்டையில் பிரதி மத்யமம். பன்னிரண்டு ஸ்வர இடங்களில் மிக ஒட்டாத இடம். அங்கே நின்றுகொண்டு கேட்டால் எந்த ராகமும் தன் முகத்தைக் காட்டாது.

ஒத்து ஒலிக்கிறது. இந்த நாளில் அதுவும் ஒரு பெட்டி. ஒரே ஸ்வரம், விடாமல்.

விட வேண்டியது எது என்று தெரிகிறது. விடுவது எப்படி என்று தெரியவில்லை. கையில் பிடித்த பொருள் இல்லை அது. 

சிறிது நேரம். எவ்வளவு என்று தெரியாது.

காந்தாரம் அசைகிறது.

தோடி.

*

அங்கிருந்து தோடியில்தான் எழுந்து வந்தேன். வழியெல்லாம் அதன் சட்ஜமம் கூடவே வந்தது. அந்தச் சட்ஜமமே இந்தத் தோடியை மறைத்துக்கொண்டு நின்றது.

இதை எழுதும்போது பெரிதாகத் தெரிகிறது. அங்கே நின்றபோது ஒரு சின்ன நெகிழ்வு மட்டும். தோள் ஒரு நூல் இறங்கியது.

*

நாயனக்காரர் கண்ணை மூடியிருக்கிறார். கன்னம் உப்பி, தாழ்ந்து, உப்பி. மூச்சு எங்கே வாங்குகிறார் என்று பார்க்கிறேன். பிடிபடவில்லை. ஸ்வரம் அறுபடவே இல்லை.

ஆச்சா மரம். நுனியில் நாணல் சீவாளி. அதன் ஈரம் சரியாக இருக்க வேண்டும். அவர் கழுத்திலிருந்து வேறு சீவாளிகள் நூலில் தொங்குகின்றன, தம் முறைக்காக.

முன்பு திமிரி நாயனம். குட்டை, உயர்ந்த கட்டை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். கட்டை இறங்கியது. தோடி என்றால் அவர் பெயர். 1955இல் நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி சுத்த மத்யமம் சரியாகப் பேசும் நாயனம் ஒன்றை அவருக்குச் செய்து கொடுத்தார். அடுத்த ஆண்டு ராஜரத்தினம் பிள்ளை இல்லை.

ஒரு துளையின் இடம். அதற்காக எத்தனை மரம் வீணாகியிருக்கும். எத்தனை பேர் பொறுமையாக ஊதிப் பார்த்திருப்பார்கள். அதை நினைக்கும்போது உடம்பு ஒரு கணம் கூசுகிறது, மரியாதையில்.

*

தவில்காரரின் வலக்கை விரல்களில் கூடுகள். இடக்கையில் கழி. அவர் இன்னும் அடிக்கவில்லை. ராகம் முடியக் காத்திருக்கிறார்.

காத்திருப்பவரின் கை மடியில் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதம் அவர்களுக்குக் கல்யாணங்கள் இல்லை. தை பிறந்தால் ஒரு நாளில் இரண்டு முகூர்த்தம். கெட்டிமேளம் என்று யாரோ கைகாட்டும்போது தொடங்கி, கைகாட்டும்போது நிறுத்த வேண்டும். இங்கே யாரும் கைகாட்டவில்லை.

முதல் அடி விழுகிறது. குழந்தை தூணை விட்டுவிட்டு நிற்கிறது.

*

மறுபடி வண்டி.

தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் திறந்தது. பிறகு அரசு மருத்துவமனை. நிலையத்துக்கும் அதே பெயர்.

அதே 1928இல்தான் நகரத்தில் மியூசிக் அகாடமி. முந்தைய டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு, அதையொட்டி ஓர் இசை மாநாடு, அதிலிருந்து இது. டிசம்பர் பாட்டின் மாதமானது அப்படித்தான்.

கதவோரம் நிற்கிறேன். மரங்களுக்குப் பின்னால் வார்டுகளின் மங்கல் விளக்கு. மூச்சு எண்ணிக் கிடப்பவர்கள்.

வண்டி நிற்கிறது. யாரும் ஏறவில்லை. நகர்கிறது.

*

தாம்பரம். மேற்குப் பக்கம். ஷேர் ஆட்டோ. முடிச்சூர் சாலை.

நாகசுரம் காதில் மெலிகிறது. கூட ஏறியவரின் கைபேசியில் கிரிக்கெட்.

*

வீட்டின் முன் பந்தல். வாழைமரம். ஐயப்ப பூஜை.

கறுப்பு வேட்டி, நீல வேட்டி. கழுத்தில் மாலை. குருசாமி நடுவில். கன்னிசாமி ஒருவன், பத்து வயதுக்குள், தூக்கத்தில் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறான். பதினெட்டுப் படி, பலகையால், ஒவ்வொன்றிலும் கற்பூரம்.

ஹார்மோனியம், டோலக், உடுக்கை, ஜால்ரா. கூம்பு ஒலிபெருக்கி இரண்டு, மாமரத்தில்.

ஒரு கட்டை. ஏறக்குறைய. பாடுபவர் பாடப் பாடச் சற்றே மேலே போகிறார். ஹார்மோனியம் போக முடியாது. கூட்டம் இரண்டுக்கும் நடுவே எங்கோ பாடுகிறது.

யாருக்கும் அது தடையாக இல்லை. சரணம் என்ற விளியில் எல்லாக் கட்டையும் சேர்கின்றன.

*

சுவரில், இடுப்புக்கு மேலே, ஒரு கோடு. பெயின்ட் அடித்த பிறகும் தெரிகிறது.

2015 டிசம்பர். அடையாறு இந்தத் தெருக்களுக்குள் வந்தது. அந்த ஆண்டு இங்கே பந்தல் இல்லை. படகு.

இப்போது அந்தக் கோட்டில் சாய்ந்துதான் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

*

குருசாமி கையை உயர்த்துகிறார். உடுக்கை நிற்கிறது. டோலக் நிற்கிறது. எல்லோரும் எழுகிறார்கள்.

ஹரிவராசனம்.

சபரிமலையில் நடை சாத்தும் பாட்டு. 1975ஆம் ஆண்டுப் படத்துக்கு ஜி. தேவராஜன் மெட்டில் யேசுதாஸ் பாடியது இப்போது எல்லோருக்குள்ளும் இருக்கிறது. ராகம் மத்யமாவதி.

கச்சேரியிலும் முடிவுக்கு மத்யமாவதியை வைப்பார்கள். அதுவரை நடந்த குறைகளை அது பொறுத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. நங்கநல்லூரில் இந்நேரம் பாடி முடித்திருப்பார்கள். அங்கே கேட்காதது இங்கே, கூம்பு ஒலிபெருக்கியில், கரகரப்போடு.

கன்னிசாமி விழித்துக்கொண்டான். முழுப் பாட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

*

வாழையிலையில் பொங்கல். சூடு. நெய் விரலில்.

"சாமி, இன்னும் கொஞ்சம்."

"போதும் சாமி."

பெயர் கேட்கவில்லை யாரும்.

*

நள்ளிரவு நெருங்குகிறது. மறுபடி நிலையம். மேற்கிலிருந்து கிழக்குக்கு மேம்பால நடைபாதை.

நடுவில் நிற்கிறேன். கீழே பத்துத் தண்டவாளங்கள், மினுங்கிக்கொண்டு. தூரப் பயண வண்டி ஒன்று நிற்கிறது. ஜன்னலில் ஒரு கை மட்டும் தெரிகிறது, தூங்கும் கை.

இங்கே எந்தப் பாட்டும் இல்லை.

*

2020 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. கொள்ளைநோய். அரங்குகள் பூட்டு. அகாடமியும் மற்ற சபாக்களும் இணையத்தில் பாட்டை அனுப்பின. பாடகர்கள் ஆளில்லாத கூடத்தில் கேமராவுக்குப் பாடினார்கள். முடிக்கும்போது கைதட்டல் இல்லை. அவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒருகணம் இருந்தது திரையில் தெரியும்.

கட்டைவிரலால் ஒரு சபாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். நடை இல்லை. வண்டி இல்லை. குளிர் இல்லை. ஒரு சட்ஜமத்தின் மேல் இன்னொரு சட்ஜமம் உடனே விழுந்தது. காதுக்கு அவகாசம் இல்லை.

அந்த மாதம் நிறையக் கேட்டேன். எதுவும் தங்கவில்லை.

இங்கே, பாலத்தின் மேல், ஒரு கட்டை மெதுவாக இறங்கிப் போவதை உணர முடிகிறது. இதற்குத்தான் இரவு முழுதும் நடக்கிறேனோ.

தெரியவில்லை. தூரத்தில் ரயில் விசில்.

*

சேலையூர். தெருவின் நடுவே ஒரு வேன். அதன் மேல் நட்சத்திரம், உள்ளே விளக்கு.

கேரல் ரவுண்ட்ஸ்.

கிட்டார், ஒரு கீபோர்டு, தாளத்துக்கு டிரம் பேட். குல்லா போட்ட பிள்ளைகள். முகமூடித் தாத்தா வேன் படியில் உட்கார்ந்து முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தேநீர் குடிக்கிறார்.

ஒரு வீட்டின் முன் நிற்கிறார்கள். இருட்டு. முதல் வரி. மாடியில் விளக்கு எரிகிறது. கதவுச் சங்கிலியின் ஓசை. தூக்கம் கலைந்த முகங்கள், போர்வையோடு. நாய் குரைக்கிறது, பிறகு விட்டுவிடுகிறது.

கிட்டார்க்காரர் ஜி மேஜர் என்கிறார்.

ஐந்து கட்டை.

ஐயப்பன் பந்தலின் ஒரு கட்டைக்கு இது பஞ்சமம். காது தேடவில்லை. நிற்கும் இடத்திலிருந்தே உட்கார்ந்துகொள்கிறது. தம்புராவில் முதல் தந்தியாக இருக்கும் ஸ்வரம், இப்போது அதுவே தரை.

*

இரண்டாவதாக ஒரு கீர்த்தனை. வேதநாயகம் சாஸ்திரியாருடையது. தஞ்சாவூரில் வாழ்ந்தவர். 1774இல் பிறந்தவர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம், பின்னாளில் மன்னரான சரபோஜியோடு சேர்ந்து படித்தவர்.

கிட்டார்க்காரர் இதற்கு வாசிக்கவில்லை. கை தந்தியின் மேல் சும்மா இருக்கிறது. கார்டு எங்கே வைப்பது என்று அவர் தேடுவது தெரிகிறது. வயதான பெண்மணி ஒருவர் முன்னால் வந்து எடுத்துக் கொடுக்கிறார். கமகம் வருகிறது, சற்று நடுக்கத்தோடு. பிள்ளைகள் பின்பாட்டு.

வீட்டுக்காரத் தாத்தா கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்துத் தாளம் போடுகிறார். ஆதி தாளம். அந்த மாமியின் மடியில் இருந்த அதே எண்ணிக்கை.

"ஐயா, ஒரு ஜெபம் பண்ணிடுங்க."

எல்லோரும் தலை குனிகிறார்கள். மூடிய கண்களின் நடுவே நட்சத்திரம் மட்டும் அசைகிறது.

ஒரு பையன் என் கையில் கேக் துண்டு வைக்கிறான். நான் யார் என்று அவன் பார்க்கவில்லை.

வேன் அடுத்த தெருவுக்கு.

*

கிறிஸ்தவக் கல்லூரியின் மதில். 1937இல் நகரத்திலிருந்து இங்கே வந்த கல்லூரி. உள்ளே புதர்க்காடு. மான்கள் இருக்கின்றன. இப்போது தெரியவில்லை.

சில்வண்டு.

அது ஒலிப்பது தெரியாமல் வெகுநேரம் நடந்திருக்கிறேன். ஒரு கணம் நின்றது. அப்போது தெரிந்தது.

பனி. முழங்கையில் குளிர்.

*

ஒரு சந்து. சாமியானா. நீல நாற்காலிகள். ஐஸ் பெட்டி. அதன் மேல் மாலை.

கானா.

கீபோர்டு, டேப், சட்டி. பாடுபவருக்கு இளவயது. இறந்தவரின் பெயரைப் பாட்டில் வைக்கிறார். மகன்களின் பெயர். பேத்தியின் பெயர். அவர் ஓட்டிய ஆட்டோ. எல்லாம் எதுகையில் உட்கார்கின்றன. ஒரு பெயர் வரும்போது நாற்காலிகளில் ஓரிடத்தில் மட்டும் அழுகை எழுகிறது. அடுத்த பெயருக்கு வேறிடத்தில்.

சந்து முனையில் நிற்கிறேன். உள்ளே போகவில்லை. இது எனக்கான பாட்டு இல்லை. காதுக்கு அந்தக் கணக்கு இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறது.

2020இன் அதே டிசம்பரில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் மார்கழியில் மக்களிசை என்று தொடங்கியது. கானா, பறை, ஒப்பாரி, மேடையில், விளக்கோடு. நல்லது நடந்தது என்றே நினைக்கிறேன், மிகத் தாமதமாக. இங்கே மேடை இல்லை. விடியும்வரை பாட வேண்டும். உடல் தனியாக இருக்கக் கூடாது.

என்ன கட்டை என்று காது பார்க்கவில்லை. இரவில் முதல் முறையாக.

*

நடக்கிறேன்.

பெயர்கள் வருகின்றன. பேத்தியின் பெயர். செபாஸ்டியன் என்ற பெயர். மண்டபச் சுவரில் படிக்க வராத இரண்டு.

போகின்றன.

*

நிலையத்தில் முதல் வண்டிக்குக் காத்திருப்பவர்கள். பூக்கூடைகள், ஈரச் சாக்கு மூடி. கீரைக் கட்டுகள். ஒரு பெண் கூடையில் சாய்ந்து தூங்குகிறாள். மல்லி, மரு, கோழிக்கொண்டை.

உட்காருகிறேன். சிமெண்டு பெஞ்சின் குளிர் ஏறுகிறது. சிறிது நேரத்தில் அந்தக் குளிர் பெஞ்சினுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை.

ஒலிபெருக்கியில் மூன்று மணிகள், அறிவிப்புக்கு முன் வரும் மணிகள். ஸ, க, ப போல ஏதோ. பெண்குரல் ஊர்ப் பெயர்களைச் சொல்கிறது.

*

மேற்குத் தாம்பரம். இருட்டு இன்னும் இருக்கிறது. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. எம். எல். வசந்தகுமாரியின் பழைய பதிவு. இந்த முப்பது பாசுரங்களுக்கும் ராகம் அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். கச்சேரிக்கு இன்றுள்ள வரிசையைக் கொடுத்தவரும் அவரே. வர்ணம், கிருதிகள், பெரிய ராகம், தனி, துக்கடா, மங்களம். நேற்று மாலை நான் பாதியில் விட்டுவந்த வரிசை.

வாசல்களில் தண்ணீர் தெளிக்கும் ஓசை. கோலப்பொடி. சாணப் பிள்ளையார், தலையில் பூசணிப்பூ.

தெரு முனையில் ஜால்ரா.

*

பஜனை கோஷ்டி. எட்டுப் பத்துப் பேர். மப்ளர், குரங்குக் குல்லா. முன்னால் நடக்கும் மாமாவின் கழுத்தில் தோல்வாரில் தொங்கும் சின்ன ஹார்மோனியம். மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் இப்படித்தான் மார்கழியில் பாடிப் போனார், ஆண்டாண்டாக. இந்தத் தெருக்களில் பாடிப் போகிறவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

மாமா துருத்தியை அமுக்குகிறார். ஒரு கட்டை. தொடங்குகிறார்.

பெண்கள் இருவர் முதல் வரியிலேயே நிறுத்துகிறார்கள்.

"மாமா, கொஞ்சம் ஏத்துங்கோ. இவ்ளோ அடியில போனா எங்களுக்குக் குரலே வரல."

"ஏத்தினா எனக்கு அனுபல்லவி போகாதும்மா."

"நேத்திக்கு மூணுல பாடினேளே."

"நேத்திக்கு ஜலதோஷம் இல்ல."

எல்லோரும் நிற்கிறார்கள். பால்காரரின் வண்டி ஒதுங்கிப் போகிறது. மாமா விரலை ஒவ்வொரு கட்டையாக நகர்த்திப் பார்க்கிறார். ஒன்றரை. இரண்டு. பெண்களில் மூத்தவர் மெல்ல ஓர் அகாரம் இழுத்துப் பார்க்கிறார். தலையை ஆட்டுகிறார். இல்லை. இரண்டரை. மாமா கீழே பாடிப் பார்க்கிறார், மேலே பாடிப் பார்க்கிறார், இருமுகிறார்.

"ரெண்டரை?"

"ரெண்டரை சரி மாமா. மேல போறச்சே நீங்க விட்டுடுங்கோ, நாங்க பாத்துக்கறோம்."

ஜால்ராக்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டு தாளத்தை எடுக்கிறார். முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள்.